எல்லாம் அடக்கம், கணக்கு நீங்கலாக

விடுமுறைக்குப் போகிற குடும்பத்தின் நிம்மதியைக் கெடுப்பதில் வெயில், மழை, கொசு மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பில்லுக்கு ஈடாகாது. அவை தாமாக வருபவை. பில் நாம் கூப்பிட்டு வருவது. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கேட்ட குற்றத்துக்காகத் தோல் உறைக்குள் மடித்து, சோம்புக் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைக்கப்படும் அந்தக் காகிதத்தைப் பிரிக்கும்போது, குடும்பத் தலைவரின் முகம் மருத்துவப் பரிசோதனை முடிவைப் பிரிப்பவர் முகமாக மாறிவிடுகிறது. இந்த நோய்க்கு மருந்தாக வந்ததுதான் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடைவேளைத் தின்பண்டம், குடிவகை, சாயங்கால ஆட்டபாட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பல இடங்களில் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள்; ஊர் திரும்பும்வரை பர்ஸைத் தொட வேண்டாம். நம் டிராவல் ஏஜென்டுகளின் பாஷையில் சிபி என்றால் அறையோடு காலை உணவு, எம்ஏபி என்றால் அதோடு இன்னொரு வேளை, ஏபி என்றால் மூன்று வேளை. அந்த ஏணியின் உச்சிப்படி ஆல் இன்க்ளூசிவ். இது லாபமா நஷ்டமா என்று கேட்டால், நம்மில் பலர் கட்டிய தொகையைக் காலி செய்யக்கூடிய தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துப் பதில் சொல்வோம். அந்த வகுத்தல் கணக்குதான் இந்த வகை விடுமுறைக்கு முதல் எதிரி என்பது என் கட்சி. ரிசார்ட்காரர் விற்பது சாப்பாடு போலத் தெரிந்தாலும், அவர் கடையில் இருக்கும் உண்மையான சரக்கு கணக்குப் பார்க்காமல் இருக்கும் உரிமை. அதை அனுபவிக்கத் தெரிந்தவர், சரியான இடத்தில் வாங்கினால் லாபம். மற்றவருக்கு அது முன்பணம் கட்டிச் சேர்ந்த உத்தியோகம்.

சரித்திரத்தைப் புரட்டினால் இது விளங்கும். 1936-இல் இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் பில்லி பட்லின் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். அந்தக் காலத்துக் கடற்கரை ஊர்களில், காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வேளைவரை கதவைத் திறக்காத விடுதிக்காரம்மாக்கள் இருந்தார்கள். மழை பெய்தாலும் குழந்தை குட்டிகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அப்படி நனைந்துகொண்டு நின்ற குடும்பங்களைப் பார்த்தபோதுதான் யோசனை பிறந்ததாக பட்லின் பின்னாளில் சொன்னார். ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்று அவர் விளம்பரம் செய்தார். தங்குமிடம், மூன்று வேளை உணவு, கேளிக்கை எல்லாம் அதற்குள். 1950-இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியத்து வாட்டர்போலோ வீரர், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ராணுவம் கழித்துவிட்ட கூடாரங்களை அடித்து கிளப் மெட் நிறுவனத்தைத் தொடங்கினார். பணம் கண்ணில் படக் கூடாது என்பதில் அந்த நிறுவனம் பிடிவாதமாக இருந்தது. நீச்சலுடையில் பை ஏது? ஆகவே பாரில் காசுக்குப் பதில் மணிகளைச் செலாவணியாக்கி, விருந்தினர்கள் அவற்றைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு திரிய வைத்தது. மேஜையில் வைக்கிற சாப்பாடும் ஒயினும் கட்டணத்துக்குள். பார் மட்டும் மணிக்கணக்கு. எல்லாம் அடக்கம் என்ற மதத்தை நிறுவியவர்களே ஒரு விதிவிலக்கோடுதான் கோயிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு 1981-இல் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் கார்டன் ஸ்டூவர்ட் சாண்டல்ஸ் ரிசார்ட்டைத் தொடங்கி, அந்த மணிமாலைக்கும் வேலையில்லாமல் செய்தார். இந்த மூவரில் எவரும் சமையலில் புரட்சி செய்யவில்லை. மூவரும் செய்த காரியம் ஒன்றே: விருந்தாளியின் கண்ணிலிருந்து பர்ஸை மறைத்தார்கள். அதற்கே உலகம் வரிசையில் நின்றது.

பர்ஸை மறைப்பது அவ்வளவு பெரிய சேவையா என்று கேட்கலாம். ஆம் என்கிறது பொருளாதார ஆராய்ச்சி. டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1998-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இப்படி ஒரு கேள்வி வருகிறது. கரீபியனில் ஒரு வார விடுமுறை, செலவு 1,200 டாலர். ஆறு மாதத் தவணையைப் போவதற்கு முன்பே கட்டுவீர்களா, திரும்பி வந்தபின் கட்டுவீர்களா? வட்டி தெரிந்தவன் பின்னால் கட்டுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலோர் முன்பே கட்டுவதாகச் சொன்னார்கள். அதே தொகைக்குத் துணி துவைக்கும் இயந்திரம் என்றபோது, பின்னால் கட்டுகிறோம் என்று கட்சி மாறினார்கள். காரணம் எளிது. இயந்திரம் வருஷக்கணக்கில் உழைக்கும். அது உழைக்க உழைக்க நாம் கட்டிக்கொண்டிருக்கலாம். விடுமுறை அப்படியல்ல. அனுபவித்து முடித்த கடலுக்கு ஆவணியில் தவணை கட்டுவதைப்போல் கசப்பு வேறில்லை. முன்பே கட்டித் தீர்த்த பணமோ, ஊர் போய்ச் சேர்வதற்குள் மனதில் ஆறிப்போகிறது. அங்கே கிடைப்பதெல்லாம் ஓசியாகத் தோன்றுகிறது. குழந்தை மூன்றாவது ஐஸ்கிரீம் கேட்கும்போது அப்பாவுக்குத் திடீரென்று அதன் தொண்டைமேல் அக்கறை பிறக்காமல் இருப்பதும், இன்னொரு காபி சொல்லலாமா என்று மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதும் சாமானிய நன்மைகள் அல்ல. இத்தனைக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஆனால் பில்லை ஒழித்தால் கணக்கும் ஒழிந்துவிடும் என்று நினைத்ததில்தான் பர்ஸை மறைத்த அந்த மூன்று மேதைகளும் நம்மை அறியாமல் போய்விட்டார்கள். செலவுக் கணக்கை மூடிய அதே நிமிஷத்தில் நாம் வரவுக் கணக்கைத் திறக்கிறோம். அதற்குப் பெயர் போட்ட காசை எடுப்பது. நம்மூர் மெஸ்ஸில் அளவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் பசி தீர்ந்ததும் எழுந்துவிடுகிறார். அதே ஆள் அன்லிமிடெட் டோக்கன் வாங்கிவிட்டால், பசி தீர்ந்தபிறகுதான் வேலையைத் தொடங்குகிறார். ரிசார்ட்டில் இது நாள் முழுக்க நீள்கிறது. ஏழு மணிக்குக் காலை பஃபே திறக்கிறது. பத்து மணிக்குள் இரண்டு சுற்று. பதினொன்றுக்கு நீச்சல் குளத்து ஓரம் சிற்றுண்டி. பன்னிரண்டரைக்கு மதிய உணவு, நாலு மணிக்குத் தேநீரும் கேக்கும், ஆறு மணிக்குச் சூரியன் மறைவதை முன்னிட்டுப் பானம், ஏழரைக்கு இரவு பஃபே. அலுவலக அட்டவணையிலிருந்து தப்பி வந்தவர், அதைவிடக் கறாரான அட்டவணையில், சம்பளமில்லாமல், வயிற்றால் உழைக்கிறார். இதற்கும் ஆராய்ச்சி உண்டு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட சோதனை ஒன்று: ஒஹையோ பல்கலைக்கழகத்தில் நாடகங்களுக்கான சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமான நாடகங்களுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ரசனை அவர்களை இழுத்து வரவில்லை. கொடுத்த காசு தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் அந்த வேகம் தணிந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். கொடுத்த காசை மறக்க மனிதனுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். ரிசார்ட் பேக்கேஜோ நாலு ராத்திரி.

சரி, உழைத்தாவது போட்ட காசை எடுத்துவிட முடியுமா? முடியாது, அதற்கேற்பத்தான் விலையே நிர்ணயிக்கப்படுகிறது. வருகிறவர்கள் சராசரியாக எவ்வளவு தின்பார்கள், எவ்வளவு குடிப்பார்கள் என்று பார்த்து, அதன்மேல் லாபம் வைத்து ரிசார்ட் விலை சொல்கிறது. ஆகவே குறைவாக உண்பவர் அதிகமாக உண்பவரின் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறார். பேக்கேஜில் விலை கூடின பகுதி பெரும்பாலும் மது. இப்போது சைவம் சாப்பிடுகிற, மதுவைத் தொடாத, எட்டு மணிக்கே ரசம் சாதம் தேடுகிற ஒரு தமிழ்க் குடும்பத்தை அங்கே நிறுத்திப் பாருங்கள். பக்கத்து மேஜையில் காலை பத்து மணிக்கே ஜின்னைத் தொடங்கியிருக்கும் வெள்ளைக்காரரின் தாக சாந்திக்கு, மயிலாப்பூரிலோ மதுரையிலோ சேர்த்த பணம் போய்ச் சேர்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் மரபுதான் என்றாலும், இவ்வளவு தூரம் போய் இவ்வளவு விலையுள்ள பானத்துக்குப் பந்தல் வைக்க வேண்டியதில்லை. நாங்கள் வேறு வகையில் ஈடுகட்டுவோம், விடியற்காலை துடுப்புப் படகு, மதியம் முத்துக்குளிப்பு, மாலை டென்னிஸ் என்று சொல்பவர்களுக்கு ஸ்டெஃபானோ டெல்லாவீன்யா, உல்ரிக்கெ மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட உடற்பயிற்சிக்கூட ஆராய்ச்சியைச் சிபாரிசு செய்கிறேன். அமெரிக்காவில் ஒரு தடவைக்கு 10 டாலர் வீதம் சீட்டு வாங்கிப் போகக்கூடிய கூடத்துக்கு மாதச் சந்தா கட்டியவர்கள், போன நாட்களை எண்ணி வகுத்தால் தடவைக்கு 17 டாலருக்குமேல் கொடுத்திருந்தார்கள். மொத்தமாகப் பணம் கட்டும்போது நாம் நம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயம் அவ்வளவு உயர்ந்தது. பேக்கேஜ் வாங்குகிற கையும் படுக்கையிலிருந்து எழ மறுக்கிற உடம்பும் ஒரே ஆளுடையவை என்பதை எந்த விளம்பரமும் நினைவூட்டுவதில்லை.

இவ்வளவு சொன்னபிறகும், ஆல் இன்க்ளூசிவ் அறிவார்ந்த முடிவாக இருக்கும் இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: மாலத்தீவு. ஏறக்குறைய 1,200 தீவுகள் கொண்ட அந்த நாட்டில் மக்கள் வசிப்பவை 200-க்கும் குறைவு. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே அங்கே வழக்கம். அதாவது, நீங்கள் இறங்கும் தீவில் ரிசார்ட் தவிர வேறு எதுவும் கிடையாது. பெட்டிக்கடை இல்லை, டீக்கடை இல்லை, வாசலைத் தாண்டி இரண்டு தெரு நடந்தால் மலிவாகக் கிடைக்கும் என்ற ஆறுதல் இல்லை. இரண்டு தெரு நடந்தால் கடல். பெரும்பாலான உணவுப்பொருள் கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. தூத்துக்குடித் தோணிகள் காலங்காலமாகத் தலைநகர் மாலேவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகின்றன. நம் கரையில் கிலோ ரூபாயில் பேரம் பேசப்பட்ட வெங்காயம் அங்கே டாலரில் சாலட் ஆகிறது. வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப்போவதும் நடக்காது. மது கொண்டுவரத் தடை. விமான நிலையச் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் கொடுப்பார்கள். பல ரிசார்ட்டுகள் கடிகாரத்தைக்கூடத் தலைநகரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. சூரியனே ரிசார்ட்டின் அட்டவணைப்படி நடக்கிற இடத்தில், ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாகப் பில் போட விடுவது பாழுங்கிணற்றில் தெரிந்தே குதிப்பது. போட்டியில்லாத கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டவன், உள்ளே போகும் முன்பே மொத்த விலை பேசிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மது தொடாதவர்கள் மூன்று வேளை உணவு மட்டும் அடங்கிய பேக்கேஜோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் குடிதண்ணீருக்குத் தனிக் காசா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில இடங்களில் சோறு உண்டு, விக்கினால் காசு.

மொத்த விலை என்றேன். அந்த மொத்தத்துக்குள் எது இல்லை என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். மாலத்தீவில் தொலைவான ரிசார்ட்டுக்குப் பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். போக வர ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும் அந்தக் கட்டணம் பல பேக்கேஜ்களில் சேராது. எல்லாம் அடக்கம், ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்வது மட்டும் உங்கள் பொறுப்பு. அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும் என்பதால், மாலை மயங்கி வந்திறங்குகிறவர் மாலேயில் ஓர் இரவு சொந்தச் செலவில் தங்க வேண்டும். ரிசார்ட்டில் முன்பணம் கட்டிய பஃபே அவரில்லாமலே நடந்து முடியும். அறை வாடகைமேல் 10 சதவிகிதச் சேவைக் கட்டணம், சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 முதல் ரிசார்ட் விருந்தினருக்குத் தலைக்கு ஓரிரவுக்கு 12 டாலர் பசுமை வரி ஆகியவை சொன்ன விலைக்குள்ளா வெளியிலா என்று பார்க்க வேண்டும். ஸ்பா, மோட்டார் படகு விளையாட்டு, உயர்ந்த ரக மது, தனிச் சிறப்பு உணவகம் எல்லாம் அநேகமாக வெளியில்தான். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழலாமா என்று நம்மைச் சமாதானப்படுத்துவார்கள். அங்குசம் யானை விலையில் பாதி என்பதை ரசீதில்தான் சொல்வார்கள்.

மாலத்தீவு ரிசார்ட்டுக்குப் பொருந்திய நியாயம் வாசலுக்கு வெளியே ஊர் இருக்கிற இடத்துக்குப் பொருந்தாது. அங்கே முன்பணம் காலில் கட்டிய கயிறாகிவிடுகிறது. ஜமைக்காவில் சாலையோரத்து மரப்புகையில் வெந்த ஜெர்க் கோழியின் வாசனை மதில் தாண்டி வந்தாலும், உள்ளே பாஸ்தா ஏற்கெனவே நம் காசில் வெந்திருக்கிறது. வெளியே சாப்பிட்டால் இரண்டு தடவை பணம் கொடுத்ததாக ஆகுமே! ஆக, சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு நல்ல சாப்பாட்டை மோந்துகொண்டிருக்கிறோம். மாலத்தீவிலேயே 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்து, மாஃபுஷி போன்ற தீவுகள் அதனால் வளர்ந்தன. அங்கே மது கிடையாது. ஆனால் டீக்கடையில் சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்த மஸ்ஹுனியை ரொட்டியோடு சாப்பிடலாம், உள்ளூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து. இலங்கைச் சம்பலுக்கு மணம் கொடுக்கும் மாசிக் கருவாட்டின் பூர்வீகம் அந்தத் தீவுகள்தான் என்று அறிந்த நாக்கு, அங்கே போயும் கான்டினென்டல் பஃபேக்கு வரிசையில் நிற்பது நாக்குக்குச் செய்கிற துரோகம். நஷ்டம் நமக்கு மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா அரசு 1999-இல் ஆல் இன்க்ளூசிவ் முறைக்கே தடை போட்டது. பயணிகள் மதிலுக்குள்ளேயே தின்று, குடித்து, தூங்கி ஊர் திரும்பியதில், வெளியே டாக்சிக்காரரும் சின்ன உணவகக்காரரும் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: அடுத்த ஆண்டே காம்பியா அந்தத் தடையை நீக்கிவிட்டதே? உண்மைதான். பயணிகளைக் கொண்டுவருகிற வெளிநாட்டு டூர் கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை; அவர்கள் வேறு நாட்டைக் காட்டிவிட்டால் ஹோட்டலில் இருக்கும் வேலையும் போகும் என்ற பயம் வந்தது. ரிசார்ட் சம்பளம் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அது காட்டுவது டூர் கம்பெனியின் பலத்தை. டாக்சிக்காரரின் பசி பொய் என்று அது நிரூபிக்கவில்லை. தடை போடுவதைவிட, பயணி தானாகவே ஒரு வேளைச் சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொள்கிற அரைப் பேக்கேஜ் எல்லோருக்கும் நல்லது. இரண்டாவது ஆட்சேபம்: நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, ஓய்வெடுக்கப் போகிறோம். நியாயம், ஓய்வெடுங்கள், யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு நாளில் ஆறு முறை தட்டேந்துவது எந்த வைத்திய சாஸ்திரப்படி ஓய்வு என்று சொல்ல வேண்டும். மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. அதை எழுப்பும் உரிமை உள்ளவர் வீட்டில் சமைப்பவர், பெரும்பாலும் அம்மா. இன்றைக்கு என்ன சமையல் என்ற கேள்விக்கு வருஷத்தில் 365 நாளும் பதில் சொல்கிறவருக்கு, அந்தக் கேள்வியே எழாத நாலு நாள் எந்த விலைக்கும் மலிவுதான். கணக்குப் பார்க்காத உரிமை என்று நான் சொன்னதன் முழு அர்த்தமும் அவருக்குத்தான் விளங்கும்; அவர் சுமக்கும் கணக்கு பணக் கணக்கு மட்டுமல்ல, உப்பு புளி மிளகாயிலிருந்து யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதுவரை. வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்களுக்கும், சாப்பாட்டுக்காக அந்நிய ஊரில் அலைய வேண்டாம் என்பது பெரிய வசதி. இந்த ஆட்சேபத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதை அனுபவிக்க வேண்டியவரைக் காலை ஆறே முக்காலுக்கு எழுப்பி, பஃபே திறக்கப்போகிறது, சீக்கிரம் கிளம்பு என்று அவசரப்படுத்துகிற ஆளைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே முடிவு எடுக்க இரண்டு கேள்வி போதும். வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது முதல் கேள்வி. கடல் மட்டும்தான் என்றால் பேக்கேஜ் எடுக்கலாம். ஊர் இருந்தால் அறையும் காலை உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற வேளைகளை ஊரிடம் விட்டுவிடலாம். பணம் கட்டியபின் அதை மறக்க முடியுமா என்பது இரண்டாவது. ஒரு வேளை சாப்பிடாமல் தூங்கிப்போனால் நஷ்டம் என்று தோன்றாதவர், பாரைத் தாண்டிப் போகும்போது கை துறுதுறுக்காதவர், கேக் மிச்சமிருக்கிறதே என்று தூக்கம் கெடாதவர் தாராளமாகப் போகலாம். ரிசார்ட்டுக்குப் பிரியமான விருந்தாளி அவர்தான், அவருக்கும் ரிசார்ட் பிரியமாக இருக்கும். இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறவர்கள் நம் குடும்பங்களில் அநேகமாக எல்லோரும்: தாத்தா, பாட்டி, அம்மா, குழந்தைகள். பொருந்தாதவர் ஒரே ஒருவர். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஆல் இன்க்ளூசிவ் விடுமுறைபோல் ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பணம் கட்டுகிறவர் அவர்.